வீட்டில் கார் சார்ஜ் போட 2.5 ஒயர் ‘தாராளம்’னு சொன்னவர் இங்க வந்து பேசட்டும்

ஓம்_கணக்கு | காலை 7.10

நேத்து ‘புதுசா மின்சார கார் வாங்குறவங்களுக்கு’ திரியில கொங்கு_ஒயரிங் எழுதினது இது: “வீட்ல ஏசிக்குப் போட்ட 15 ஆம்ப் பாயின்ட்லயே காரை மாட்டிக்கலாம். 2.5 ஸ்கொயர் ஒயர் தாராளம். 4 போடுன்னு சொல்றவன் பூரா காசு புடுங்கறவன்.” (2.5 ஸ்கொயர்னா உள்ள இருக்கிற செம்போட குறுக்களவு 2.5 சதுர மில்லிமீட்டர்.)

படிச்சிட்டு சும்மா இருக்க முடியல. இதை நம்பி நாலு பேர் ராத்திரி காரை மாட்டிட்டுத் தூங்கப் போவாங்க.

காரோட வர்ற போர்ட்டபிள் சார்ஜர் 3.3 கிலோவாட். 230 வோல்ட்டுக்கு 14.3 ஆம்ப். 2 கிலோவாட் கெய்சர் 9 ஆம்ப் எடுத்தாலும் கால் மணியில கட் ஆயிடும். ஒன்றரை டன் ஏசி 7 ஆம்ப், அறை குளிர்ந்ததும் இறங்கிடும். கார் அப்படி இல்ல. 45 கிலோவாட் அவர் பேட்டரியை 10 சதவீதத்துலேருந்து 100க்கு ஏத்தணும்னா சுவத்துலேருந்து 46 யூனிட் போகணும், வழியில பத்துப் பன்னிரண்டு சதவீதம் சூடாப் போயிடும். அதுக்கு 14 மணி நேரம். 14 மணி நேரமும் நிறுத்தாம 14 ஆம்ப். வீட்டுல வேற எந்தச் சாமானும் இப்படி இழுக்காது.

பைப்புக்குள்ள போற 2.5 காப்பருக்கு ஒயர் கம்பெனி கேட்டலாகே 18 ஆம்ப் பக்கம்தான் சொல்லுது. ஒரே பைப்புல மூணு சர்க்யூட் போனா சூடு சேரும்னு அதை 0.7 ஆல பெருக்கணும். 12.6 வருது. இழுக்கிறது 14.3. இதுல ‘தாராளம்’ எங்க இருக்கு?

4 ஸ்கொயர், டிபியிலேருந்து (வீட்டுக்கு லைன் பிரிக்கிற பெட்டி) நேரா தனி லைன். இதுல பேச்சே இல்ல.

கொங்கு_ஒயரிங் | காலை 8.02

பேரைப் போட்டே திரி ஆரம்பிச்சாச்சுங்களா. சரிங்க, நானும் பேர் போட்டே பதில் சொல்றனுங்க.

ஓம்_கணக்கு அவர்களே, அந்த 0.7ங்கறது பைப்புல போற மூணு சர்க்யூட்டும் முழு லோடுல ஓடுனா மட்டும். தன்னோட ரேட்டிங்குல 30 சதவீதத்துக்குக் கீழ ஓடற ஒயரை அந்தக் கணக்குலயே சேர்க்க வேண்டாமுங்க. ஃபேன், லைட் லைன் 2 ஆம்ப் எடுத்தா அதிகம். அட்டவணைக்கு அடியில இருக்கற குறிப்பைப் படிக்காம நம்பரை மட்டும் எடுத்துட்டு வந்திருக்கீங்க. பைப்புல கார் லைன் மட்டும் லோடுன்னா 18, இழுக்கறது 14.3. 2.5 போதுமுங்க.

நெசமா எரியறது ஒயர் இல்லைங்க, சாக்கெட். பின்னும் உள்ள இருக்கற பித்தளைப் பட்டையும் தொடற இடத்துல புடி தளர்ந்து 0.1 ஓம் வந்துச்சுன்னா, 14.3ஐ 14.3ஆல பெருக்கி 0.1ஆல பெருக்குங்க: 20 வாட். சால்டரிங் அயர்ன் 25 வாட்டுங்க. கிட்டத்தட்ட அந்தச் சூடு, வெரல் நகத்தளவு இடத்துல, ராத்திரி பூரா. ஐவரி கலர் சாக்கெட்ல ஓட்டையச் சுத்தி டீக்கறை மாதிரி பழுப்பு ஏறும், அப்புறம் மீன் கருகுன வாடை வரும். ஒயரை 10 ஸ்கொயர் போட்டாலும் அந்தச் சாக்கெட் எரியும். 4 ஒயர் 4 ஒயர்னு கத்தறவங்க யாராச்சும் சாக்கெட் பத்தி ஒரு வார்த்தை எழுதியிருக்காங்களா?

ஓம்_கணக்கு | காலை 8.31

சாக்கெட் பத்தி நான் எழுதலங்கிறது சரி. நான் எழுத வந்தது ஒயர் பத்தி. நீங்க ‘தாராளம்’னு சொன்னதும் ஒயரைத்தான்.

அந்த 30 சதவீதக் குறிப்பு எனக்கும் தெரியும். நீங்க மாட்டச் சொன்னது ‘ஏசி பாயின்ட்ல’. பல வீட்டுல ரெண்டு பெட்ரூம் ஏசி லைனும் ஒரே பைப்புல இறங்குது. ராத்திரி பத்து மணிக்கு ஏசி 7 ஆம்ப். 18ல 7ங்கிறது 39 சதவீதம். 30க்கு மேல. அப்போ அது கணக்குல வருது. ரெண்டு லைனுக்கு 0.8. 14.4. சார்ஜர் 14.3. மிச்சம் 0.1 ஆம்ப். மே மாசம் மொட்டை மாடி ஸ்லாபுக்குள்ள போற பைப்புக்கு இந்த 0.1ஐ நம்பி நிம்மதியாத் தூங்குறவர் யாரு?

கொங்கு_ஒயரிங் | காலை 8.44

இன்வெர்ட்டர் ஏசி அரை மணியில 3 ஆம்ப்புக்கு இறங்கிடுமுங்க. 18ல 3ங்கறது 17 சதவீதம். மறுபடியும் கணக்குல இல்லை.

2.5 போதும்.

ஓஎம்ஆர்_ஓட்டி | காலை 9.15

ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் மூச்சு விடுங்க பாஸ். 3.3 வச்சு எதுக்கு 14 மணி நேரம்? 7.2 கிலோவாட் சுவர் பெட்டி போட்டா 6 மணி சொச்சத்துல முடிஞ்சது. அதுல சாக்கெட்டே கிடையாது, ஒயர் நேரா டெர்மினல்ல போகுது. கொங்கு சொல்ற சூடும் இல்ல.

அமெரிக்காவுல விடாம ஓடுற லோடுன்னா ஒயரும் பிரேக்கரும் 125 சதவீதம் இருக்கணும்னு விதியே இருக்கு. 14.3க்கு 18 வரும். அங்க எல்லாம் யோசிச்சுத்தான் வச்சிருக்கான்.

கொங்கு_ஒயரிங் | காலை 9.22

அமெரிக்கா விதிப்படியே 18 வருது, 2.5க்கு கேட்டலாக் 18. நன்றிங்க ஓஎம்ஆர். 2.5 போதும்னு நீங்களே சொல்லிட்டீங்க.

ஓம்_கணக்கு | காலை 9.50

அமெரிக்க விதியை இங்க இழுக்கவே வேண்டாம். அங்க வீட்டுல 120 வோல்ட், ஒயர் அளவே வேற முறை. இங்க இந்தியத் தர விதியில கார் சார்ஜிங்குக்கு ஐஎஸ் 17017 இருக்கு, ஒயருக்கு ஐஎஸ் 694 இருக்கு. அது போதும்.

7.2 பெட்டி பத்தி ஓஎம்ஆர் பாதியைச் சொல்லிட்டு மீதியை விட்டுட்டார். அது 32 ஆம்ப். பைப்புக்குள்ள 6 ஸ்கொயர் காப்பரோட கேட்டலாக் அளவு 31 பக்கம். இங்கயும் இதே தப்பைத்தான் பண்றாங்க, எல்லாரும் 6 போட்டுட்டுப் போயிடுறாங்க. சுவத்து மேல திறந்தபடி கிளாம்ப் போட்டு இழுத்தா 6 ஏத்துக்கும். பைப்புல மறைச்சா 10 போடுங்க. எம்சிபி (லோடு மீறினா தானா ட்ரிப் ஆகுற பிரேக்கர்) 40. லீக்கேஜுக்கு 30 மில்லி ஆம்ப் ஆர்சிபிஓ (கரண்ட் கசிஞ்சா கட் பண்ற பிரேக்கர்), அதுல ‘டைப் ஏசி’ங்கிற வகை வேண்டாம், குறைஞ்சது டைப் ஏ. கார் சார்ஜர்லேருந்து டிசி கசிவு வந்தா ஏசி வகை குருடாயிடும், ட்ரிப் ஆக வேண்டிய நேரத்துல ஆகாது. பெட்டிக்குள்ளயே 6 மில்லி ஆம்ப் டிசி பார்க்குற பாகம் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. இல்லேன்னா டைப் பி வேணும், அது விலை கூட.

சிங்கிள் ஃபேஸ் வீட்டுல இதைப் போட முடியாது. ஈபியில லோடு கூட்டி, த்ரீ ஃபேஸ் வாங்கி, அப்புறம்தான்.

ஓஎம்ஆர்_ஓட்டி | காலை 10.05

த்ரீ ஃபேஸ் இருக்கிறவங்க 11 கிலோவாட் பெட்டியே வாங்கலாமே. இன்னும் வேகம்.

ஓம்_கணக்கு | காலை 10.20

இதைத்தான் கடையில சொல்லி விக்கிறாங்க. 11 கிலோவாட் பெட்டி ஒரு ஃபேஸுக்கு 16 ஆம்ப், மூணு ஃபேஸ். காருக்குள்ள இருக்கிற சார்ஜர் சிங்கிள் ஃபேஸ் 7.2ன்னா அது ஒரே ஃபேஸைத்தான் எடுக்கும். 16 ஆம்ப். 3.7 கிலோவாட். கூடக் காசு குடுத்து 7.2ல பாதி வேகம் வாங்கிட்டு வர்றதுக்கு இது வழி. காரோட கையேட்டுல ‘ஏசி சார்ஜிங் 11 கிலோவாட், த்ரீ ஃபேஸ்’னு எழுதியிருந்தா மட்டும் 11 வாங்குங்க.

புதுவண்டி | காலை 10.41

வணக்கம். எனக்கு தினம் 50 கிலோமீட்டர் ஓட்டம். டிபியிலேருந்து கார் நிறுத்துற இடம் 22 மீட்டர். என்ன ஒயர் போடச் சொல்லட்டும்?

கொங்கு_ஒயரிங் | காலை 10.55

50 கிலோமீட்டருக்கு 7, 8 யூனிட்டுங்க. 3.3லயே ரெண்டரை மணி நேரம். 7.2, 11 பேச்செல்லாம் உங்களுக்கு வேண்டாம்.

22 மீட்டர் போக வர 44 மீட்டர். 2.5ல 0.33 ஓம், 4.7 வோல்ட் குறையும். 4ல 2.9 வோல்ட். வித்தியாசம் 1.8 வோல்ட்டுங்க. ஒயர்ல போற சூடு 67 வாட், 41 வாட். 14 மணி நேரம் போட்டாலும் ஒரு யூனிட்ல மூணுல ஒரு பங்குதான் மிச்சம், மூணு ரூபா. இதுக்குப் போய்ச் சண்டை போட்டுட்டு இருக்காங்க. 2.5 போடுங்க.

சாக்கெட்டுக்குக் காசு செலவு பண்ணுங்க. நீல கலர் இன்டஸ்ட்ரியல் சாக்கெட், 16 ஆம்ப், மூணு பின், மூடி வச்சது. சார்ஜர் ஒயர்ல அதுக்குப் பொருந்தற பிளக்கை மாத்தினா சில கம்பெனி வாரன்டி தராது, கேட்டுட்டுச் செய்யுங்க. சாதா 16 ஆம்ப்தான்னா கனமான செராமிக் அடி இருக்கறதா வாங்குங்க. ஒயர் முனையில பின் லக் (குழல் மாதிரி உலோக முனை) வச்சு நசுக்கிக் கிரிம்ப் பண்ணித்தான் ஸ்குருவுக்கு அடியில விடணும். முறுக்கின இழைய அப்படியே விட்டு இறுக்கினா நாலஞ்சு இழை வெட்டுப்பட்டு வெளிய நிக்கும். ஒரு மாசம் கழிச்சு மெயின் ஆஃப் பண்ணிட்டு ஸ்குருவை மறுபடி இறுக்கோணும், செம்பு அமுங்கி லூஸ் ஆகியிருக்கும். முத ராத்திரி ஒரு மணி நேரம் ஓடுனதும் பிளக் மேல கை வச்சுப் பாருங்க. வெதுவெதுப்பு இருக்கும், பரவால்ல. கை வைக்க முடியலீன்னா அங்கயே நிறுத்திருங்க.

ஓம்_கணக்கு | காலை 11.10

புதுவண்டி, 4 போடுங்க. கொங்கு வோல்ட்டேஜ் கணக்கைச் சரியாப் போட்டிருக்கார், அதை யாரும் இங்க கேள்வி கேக்கல. நான் கேக்கிறது எம்சிபி.

16 ஆம்ப் எம்சிபி 30 டிகிரிக்கு அளவு வச்சது. மாடிப்படிக்குக் கீழ மூடின டிபி, பக்கத்துல வேற எம்சிபிங்க, ஏப்ரல் மே: பெட்டிக்குள்ள 45, 50 டிகிரி. அந்தச் சூட்டுல 16 எம்சிபி 14, 14.5லயே தளர ஆரம்பிக்கும். விடியக்காலை 3 மணிக்கு ட்ரிப் ஆகும், காலையில பார்த்தா கார் 40 சதவீதத்துல நிக்கும். உடனே எலக்ட்ரீஷியன் என்ன பண்ணுவார்? 16ஐக் கழட்டிட்டு 20 போடுவார். 20 எம்சிபிக்குப் பின்னாடி 18 ஆம்ப் ஒயர். ஒயரைக் காப்பாத்த வேண்டிய எம்சிபி ஒயரை விடப் பெருசு. இதனாலதான் 4. அதுக்கு 24 ஆம்ப் இருக்கு, 20 எம்சிபி சட்டப்படி உக்காரும்.

22 மீட்டருக்கு ஃபேஸ், நியூட்ரல் ரெண்டுலயும் கூடுற செம்பு 600 கிராம். ஆயிரம் ரூபாய் பக்கம். கார் விலை என்ன?

கொங்கு_ஒயரிங் | காலை 11.18

20 எம்சிபிக்குப் பின்னாடி 18 ஆம்ப் ஒயர் தப்புன்னா, 20 எம்சிபிக்குப் பின்னாடி 16 ஆம்ப் சாக்கெட் எப்படிங்க சரி? பதில் சொல்லுங்க.

ஓம்_கணக்கு | காலை 11.25

சார்ஜர் பெட்டி தானே கரண்ட்டை அளந்து விடுது. 14.3க்கு மேல போகாது. அதனால சாக்கெட் தாங்கும்.

கொங்கு_ஒயரிங் | காலை 11.27

14.3க்கு மேல போகாதுன்னா ஒயர்லயும் 14.3க்கு மேல போகாதுங்களே. அப்போ 2.5 போதும். நீங்களே எழுதியிருக்கீங்க, அழிச்சிராதீங்க.

ஓம்_கணக்கு | காலை 11.40

அழிக்கல. அழிக்கவும் மாட்டேன். அந்தப் பாயின்ட்ல நாளைக்கு வேற யாராவது வெல்டிங் மெஷின் மாட்டினா? மோட்டார் மாட்டினா? ஒயர் சுவத்துக்குள்ள 30 வருஷம் இருக்கப் போகுது, சாக்கெட்டை அரை மணியில மாத்தலாம். ரெண்டும் ஒண்ணு இல்ல.

இவர் இப்படித்தான். சோலார் திரியிலயும் டிசி ஒயருக்கு சாதா பிவிசி போதும்னு கடைசி வரைக்கும் நின்னார். வெயில்ல வெடிக்கும்னு ஆறு பேர் சொன்னோம்.

கொங்கு_ஒயரிங் | காலை 11.46

நான் அங்க சொன்னது பைப்புக்குள்ள போற ஒயரை. வெயில்ல போடச் சொல்லலைங்க. அரைகுறையாப் படிச்சுட்டுப் பேசற பழக்கத்தை விடுங்க.

நெல்லை_நாலுவழி | மதியம் 12.30

என்ன வே, ரெண்டு பேரும் ஒயரைப் பிடிச்சுத் தொங்குதீய. வீட்டுல எப்படியும் ஏறிரும். ரோட்டுல நிக்கவன் பாட்டை யாராவது பேசுங்க.

சென்னையில இருந்து திருநெல்வேலி 620 கிலோமீட்டர். 45 கிலோவாட் அவர் வண்டிக்கு ரெண்டு நிறுத்தம், காத்து மழைன்னா மூணு. ரோட்டோர ஃபாஸ்ட் சார்ஜர் போர்டுல 60 கிலோவாட்டுன்னு போட்டிருப்பான். கன், அதான் கார்ல சொருகுத பிளக், 125 ஆம்ப். நம்ம பேட்டரி 330 வோல்ட் பக்கம். பெருக்கிப் பாரும், 41 கிலோவாட். அதுவும் ஒரு வண்டி நின்னா. பக்கத்துக் கன்னுல இன்னொருத்தன் மாட்டினா பாதி, 30. ‘60ன்னு போட்டு 30 தருதான்’னு அங்க நிக்கவன்கிட்டச் சண்டைக்குப் போவாதீங்க, பெட்டி அமைப்பே அப்படி.

20ல இருந்து 80க்கு 27 யூனிட், முக்கால் மணி நேரம். 80ல இருந்து 100க்கு 9 யூனிட்டுதான், அதுக்கும் முக்கால் மணி நேரம் ஆவும். செல்லு நிறைய நிறைய கரண்ட்டைக் குறைச்சிரும். பின்னால மூணு வண்டி நிக்கையில 100 வர உக்காந்திருக்கது அநியாயம் வே.

கன் மாட்டி ‘ஸ்டார்ட்’ அடிச்சு எரர் வந்தா: கன்னைக் கழட்டு, காரைப் பூட்டு, ஒரு நிமிஷம் பொறு, திரும்ப மாட்டு. சிசிஎஸ் 2ன்னு சொல்லுத ஃபாஸ்ட் சார்ஜிங் கன்னு ஒயரோட கனம், தொங்கிச்சுன்னா கீழ் பின் ரெண்டும் சரியாப் பதியாது. உள்ளுக்கு ‘டக்’குன்னு சத்தம் கேக்க வரை ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடி. அப்பவும் வரலையா, சிவப்பு எமர்ஜென்சி பட்டன் அமுங்கிக் கெடக்கான்னு பாரு. எவனாவது அமுக்கிட்டுப் போயிருப்பான், திருப்பி இழுத்தா வெளிய வரும்.

எல்எஃப்பி_கண்ணன் | மதியம் 12.48

80லயே எல்லாரும் கிளம்பணும்னு சொல்றது தப்பு. எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரியில நடுவுல வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட ஒரே கோடு. அடிக்கடி 100க்கு ஏத்தலேன்னா எவ்வளவு இருக்குன்னு காருக்கே தெரியாது. 15 சதவீதம்னு காட்டிட்டே நின்னுடும். அதனால 100 போட்டுத்தான் ஆகணும்.

நெல்லை_நாலுவழி | மதியம் 12.55

100 போட வேண்டாம்னு யார் சொன்னா? வீட்டுல போடும். உளுந்தூர்பேட்டையில போடாதீரும்.

கொங்கு_ஒயரிங் | மதியம் 12.58

அதேதானுங்க. வாரம் ஒருக்கா வீட்ல மெதுவா 100. 3.3 சார்ஜர், 2.5 ஒயர்.

ஓம்_கணக்கு | மதியம் 1.05

4 ஒயர்.

எல்எஃப்பி_கண்ணன் | மதியம் 1.12

அபார்ட்மென்ட்ல இருக்கிறவனுக்கு வீட்டுல பாயின்ட்டே இல்ல. அவன் எங்க போய் 100 போடுவான்? காசு கட்டி நிக்கிறான். பல இடத்துல யூனிட் 20 ரூபாய்க்கு மேல, அதுல 18 சதவீதம் ஜிஎஸ்டி. அவனைத் துரத்த யாருக்கும் உரிமை இல்ல.

நெல்லை_நாலுவழி | மதியம் 1.20

காசு கட்டினா? பஸ்ஸுல டிக்கெட் எடுத்தவன் மூணு சீட்டுல படுத்துக்கிடலாமா? வரிசையில ஆள் நின்னா 80ல கழட்டணும். பிடிக்காட்டா சிட்டிக்குள்ள யாரும் வராத பாயின்ட்டுல போய் ராத்திரி உக்காந்து 100 போடும்.

கொங்கு_ஒயரிங் | மதியம் 1.34

வீட்ல 5 ரூபா, ரோட்ல 20 ரூபா. வீட்லயே போடோணும்ங்கறது இதுக்குத்தான்.

ஓம்_கணக்கு | மதியம் 1.58

வீட்டுல 5 ரூபாய்னு யார் சொன்னது? இதுவும் அந்த ‘தாராளம்’ மாதிரிதான்.

மாசம் 1000 கிலோமீட்டர்னா சுவத்துலேருந்து 150 யூனிட். ரெண்டு மாச பில்லுல 300. ஏற்கெனவே 400 ஓடுற வீடு 700க்குப் போகும். 500ஐத் தாண்டின உடனே 101லேருந்து 200 வரைக்கும் இருந்த சலுகை விலை போயிடும். 501லேருந்து 8 ரூபாய் சொச்சம், 601லேருந்து 9 சொச்சம், 1000 தாண்டினா 11க்கு மேல. 400க்கு வர்ற பில்லையும் 700க்கு வர்ற பில்லையும் கழிச்சுப் பாருங்க. காருக்குப் போன 300 யூனிட் ஒவ்வொண்ணும் 9 ரூபாய் பக்கம் நிக்கும். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள்ளதான், பெட்ரோலை விட ரொம்பக் கம்மி. ஆனா 5 ரூபாய் இல்ல. புதுசா வர்றவங்களுக்கு உள்ளதைச் சொல்லணும்.

2024 பிப்ரவரியில மத்திய அரசு நுகர்வோர் உரிமை விதியைத் திருத்திச்சு. காருக்குன்னு தனி கனெக்ஷன் கேட்டா கொடுக்கணும்னு அதுல இருக்கு. எந்த டாரிஃப்ல போடுவாங்கன்னு உங்க பிரிவு அலுவலகத்துல எழுத்துல கேட்டுட்டு விண்ணப்பிங்க.

இன்னொண்ணு. எர்த். சார்ஜர்ல சிவப்பு விளக்கு வந்து ‘எர்த் ஃபால்ட்’ காட்டினா, மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல வைங்க. 2, 3 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. 10, 15 காட்டினா எர்த் குழி காய்ஞ்சிருக்கு, இல்ல நியூட்ரல் எங்கயோ லூஸ். சில ஆளுங்க பிளக்குக்குள்ள எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால சேர்த்துட்டு ‘சரி பண்ணிட்டேன்’னு போறாங்க. விளக்கு பச்சை ஆகும். நாளைக்கு அந்த நியூட்ரல் அறுந்துச்சுன்னா காரோட பாடி மொத்தமும் 230 வோல்ட். குழந்தை வந்து கதவைத் தொடும். அப்படிச் செய்யுற ஆளை வீட்டுக்குள்ள விடாதீங்க.

கொங்கு_ஒயரிங் | மதியம் 2.10

எர்த்தைச் சேர்க்கறது கொலைங்க. அந்தத் திரியில நான்தான் மொதல்ல எழுதினேன், அதை நீங்க எடுத்துப் போடல. ‘தாராளம்’ ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துட்டு வந்தீங்க.

எர்த்தோட சேர்த்து இன்னொரு வில்லங்கம், ஃபேஸ் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். நம்மூர்ல த்ரீ ஃபேஸ் வீட்டுக்கு வீடு இருக்குதுங்க. ஒரு ஃபேஸ்ல வோல்ட்டேஜ் கம்மியானா திருகி அடுத்த ஃபேஸுக்கு மாத்தறது. மொத்த வீட்டையும் ஒரே ஃபேஸ்ல திருகி வச்சுட்டு அதுமேல காரையும் மாட்டுனா, உள்ள இருக்கற காண்டாக்ட் கருகும். கார் ஓடிட்டு இருக்கறப்பவே திருகுனா தீப்பொறி பறக்கும். கார் லைன் அந்தச் சுவிட்சுக்கு முன்னாலயே ஒரு ஃபேஸ்ல நேரா பிரியோணும். யூபிஎஸ் லைன்லயும் கார் பாயின்ட் சேர்ந்திருக்கக் கூடாது, கரண்ட் போன நிமிஷம் யூபிஎஸ் ஓவர்லோடு.

ஓம்_கணக்கு | மதியம் 2.16

இது சரி. அந்த நேரா பிரியுற லைன் 4 ஸ்கொயர்ல இருக்கணும்.

கொங்கு_ஒயரிங் | மதியம் 2.17

2.5.

ஓஎம்ஆர்_ஓட்டி | மதியம் 2.40

பாயின்ட்டை எந்த உயரத்துல வைக்கணும்னு ஒருத்தரும் சொல்லல. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில முடிச்சூர், வேளச்சேரி பக்கம் கார் நிறுத்துற இடமெல்லாம் இடுப்பளவு தண்ணி. முழங்கால் உயரத்துல சாக்கெட் வச்சா என்ன ஆகும்? தரையிலேருந்து 4, 5 அடி, மழைச்சாரல் படாத மூடி போட்ட பெட்டி. தண்ணி வரும்னு தெரிஞ்சா சார்ஜரைக் கழட்டி மாடிக்கு எடுத்துட்டுப் போங்க, எம்சிபியை ஆஃப் பண்ணிடுங்க.

ஹோட்டலுக்குப் போனா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டாதீங்க. அதுல இருக்கிறது 1, 1.5 ஸ்கொயர். சுருளாச் சுத்தி வச்சபடியே மாட்டினா நடுச் சுருள் உருகிடும்.

கொங்கு_ஒயரிங் | மதியம் 2.52

1.5 உருகும். 2.5 உருகாதுங்க. சரியாச் சொன்னீங்க.

பிளாட்_செயலர் | மாலை 4.30

வணக்கம். எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள், ஒன்பது மின்சார கார்கள். மீட்டர் அறையிலிருந்து தூரமான இடத்துக்கு 60 மீட்டர். ஒவ்வொருவரும் தம் மீட்டரிலிருந்து ஒயர் இழுக்க அனுமதி கேட்கிறார்கள். கேபிள் டிரே போடும் செலவை கார் வைத்திருப்பவர்கள் மட்டும் ஏற்க வேண்டுமா, சங்கம் ஏற்க வேண்டுமா? முன் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பொதுக்குழுவில் வைக்க உதவியாக இருக்கும்.

ஓம்_கணக்கு | மாலை 4.48

60 மீட்டர்! இதுக்குத்தான் காத்திருந்தேன். போக வர 120 மீட்டர். 2.5ல 0.89 ஓம். 14.3 ஆம்ப்புக்கு 12.7 வோல்ட் போயிடும், ஐந்தரை சதவீதம். சாயங்காலம் ஈபியே 210 குடுத்தா காருக்கு 197தான் வரும். சில சார்ஜர் அந்த அளவுல கரண்ட்டைக் குறைக்கும், இன்னும் கீழ போனா நின்னுடும். 182 வாட் ஒயர்லயே சூடாப் போகுது. 4 போட்டாலும் 7.9 வோல்ட். இந்தத் தூரத்துக்கு 6 போடணும். ஒன்பது லைனும் ஒரே டிரேயில ராத்திரி முழுக்க முழு லோடு. இங்க கொங்குவோட 30 சதவீதக் குறிப்பு செல்லாது, எல்லா லைனும் நிறைஞ்சு ஓடுது. 2.5 தாராளம்னு சொன்னவர் இப்ப என்ன சொல்றார்?

கொங்கு_ஒயரிங் | மாலை 5.05

60 மீட்டருக்கு நான் எப்பங்க 2.5 சொன்னேன்? நான் எழுதினது ‘வீட்ல ஏசிக்குப் போட்ட பாயின்ட்’. ஏசி பாயின்ட் 60 மீட்டர்லயா இருக்கும்? வீடு வேற, அபார்ட்மென்ட் பார்க்கிங் வேற. செயலருக்கு 6 போடச் சொல்றேன். வீட்டுக்கு 2.5தான்.

ஓம்_கணக்கு | மாலை 5.11

‘தாராளம்’னு எழுதினா தூரம் எழுதணும், பைப்புல எத்தனை லைன்னு எழுதணும், எம்சிபி எத்தனைன்னு எழுதணும். ஒண்ணும் எழுதல.

பிளாட்_செயலர் | மாலை 5.30

ஒயர் அளவுக்கு நன்றி. செலவை யார் ஏற்பது என்பதே என் கேள்வி.

எல்எஃப்பி_கண்ணன் | மாலை 5.42

இதைத்தான் மதியமே சொன்னேன். அபார்ட்மென்ட்காரனுக்கு டிரே வர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அவன் ஹைவேயில 100 போடுவான்.

நெல்லை_நாலுவழி | மாலை 5.50

ஹைவேயில எதுக்கு வே? சென்னையில இருக்கவனுக்கு சென்னைக்குள்ள பாயின்ட் இல்லையா? ஊருக்குப் போறவன் வரிசையில நின்னு சாவுதான்.

புதுவண்டி | இரவு 8.15

எலக்ட்ரீஷியன் நாளைக்குக் காலையில வர்றார். 2.5 காயில் வாங்கிட்டு வந்து வச்சிட்டார். 22 மீட்டர். என்ன செய்யட்டும்?

ஓம்_கணக்கு | இரவு 8.19

காயில் பிரிக்கலேன்னா கடையில குடுத்து 4 மாத்திட்டு வரச் சொல்லுங்க. பைப்புல வேற எந்த லைன் போகுதுன்னு ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார்த்துட்டுச் சொல்லுங்க.

கொங்கு_ஒயரிங் | இரவு 8.21

காயிலைத் திருப்ப வேண்டாமுங்க. தனி பைப்புல இழுக்கச் சொல்லுங்க. சாக்கெட் என்ன வாங்கியிருக்கார்? அதை மொதல்ல சொல்லுங்க. படம் எடுத்துப் போடுங்க, பின்பக்கம் ஸ்குரு தெரியற மாதிரி.

ஓம்_கணக்கு | இரவு 8.22

சாக்கெட் அப்புறம். எம்சிபி 16ஆ 20ஆ?